ஹாரியட் அளந்த வாயு

ரேடான் வாயுவைக் கண்டுபிடித்தவர் யார் என்று பொது அறிவுப் புத்தகங்களில் தேடினால் பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கும்: ஃபிரெடரிக் எர்ன்ஸ்ட் டோர்ன், ஜெர்மனி, 1900. சில புத்தகங்கள் எர்னஸ்ட் ரூதர்ஃபோர்டின் பெயரையும் சேர்த்துக்கொள்ளும். ஆனால் ரேடியத்திலிருந்து கசிந்து வரும் அந்தப் புதிரான பொருள் ஒரு தனி வாயு என்று 1901இல் அளந்து சொன்ன ஆய்வுக் கட்டுரையில் இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று ரூதர்ஃபோர்டு. இன்னொன்று ஹாரியட் புரூக்ஸ். அப்போதுதான் முதுகலைப் பட்டம் பெற்றிருந்த மாணவி அவர்.

காற்று எங்கிருந்து வருகிறது, ஒரு நகரத்தின் புகை ஏன் சில இரவுகளில் மட்டும் கலையாமல் தேங்குகிறது என்று அறிய விஞ்ஞானிகள் இன்று நாடும் அளவீடுகளில் ரேடான் அளவும் ஒன்று. அந்த அளவீட்டின் அடிப்படையான வேலைகளில் சில ஹாரியட்டின் கையால் நடந்தவை. அந்த வேலையும் அதைச் செய்தவரின் வாழ்க்கையும் பாடப் புத்தகங்களில் சேர்ந்து வருவதில்லை. இங்கே சேர்த்துச் சொல்லிப் பார்ப்போம்.

மான்ட்ரியாலில் ஒரு மாணவி

ஹாரியட் 1876 ஜூலை 2 அன்று கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், எக்ஸெட்டர் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா மாவு நிறுவனம் ஒன்றுக்காக ஊர் ஊராகச் சென்று விற்பனை செய்தவர். பிள்ளைகள் நிறைந்த, பணம் குறைந்த வீடு. அத்தனை பிள்ளைகளில் பல்கலைக்கழகம் வரை சென்றவர்கள் ஹாரியட்டும் அவருடைய சகோதரி எலிசபெத்தும் மட்டுமே.

மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகம் பெண்களைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியது 1884இல். டொனால்ட் ஸ்மித் என்ற செல்வந்தர் அதற்கென்று பணம் கொடுத்ததால்தான் கதவு திறந்தது. அதனால் அங்கே படித்த பெண்களை அவர் பெயரைக்கொண்டு ‘டொனால்டாக்கள்’ என்றே அழைத்தார்கள். பெண்களுக்குத் தனி வகுப்பு, தனி வாசல் என்றிருந்த அந்தக் காலத்தில் உதவித்தொகைகளை நம்பிப் படித்து, 1898இல் கணிதத்திலும் இயற்பியலிலும் சிறப்புத் தகுதியுடன் ஹாரியட் பட்டம் பெற்றார்.

அதே ஆண்டு ரூதர்ஃபோர்டு கேம்பிரிட்ஜிலிருந்து மெக்கில்லுக்குப் பேராசிரியராக வந்து சேர்ந்தார். அவருக்கு அப்போது 27 வயது. கனடாவில் அவரிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்த முதல் ஆள் ஹாரியட். கூடவே 1899 முதல், பெண்களுக்கென்று புதிதாகத் திறக்கப்பட்டிருந்த ராயல் விக்டோரியா கல்லூரியில் கணிதமும் கற்பித்தார். 1901இல் முதுகலை முடித்தார். மெக்கில்லில் அந்தப் பட்டத்தை வாங்கிய முதல் பெண்களில் ஒருவர் அவர்.

அது ஆவியா, வாயுவா?

அந்த ஆண்டுகளில் கதிரியக்கம் என்பதே பிறந்த குழந்தை. தோரியத்திலிருந்து ஏதோ ஒன்று வெளியேறி, காற்றோடு நகர்ந்து போகிறது என்று ரூதர்ஃபோர்டு கண்டிருந்தார். ரேடியத்திலிருந்தும் அப்படி ஒன்று வருகிறது என்று டோர்ன் காட்டியிருந்தார். அதற்கு ‘எமனேஷன்’, அதாவது ‘வெளிக்கசிவு’ என்று பொதுவாக ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் அது என்ன என்று யாருக்கும் தெரியாது. ரேடியமே ஆவியாகிப் பறக்கிறதா? மிக நுண்ணிய தூசியா? அல்லது வேறொரு வாயுவா? கண்ணுக்குத் தெரியாது, மணமில்லை, தராசில் வைத்து நிறுக்கும் அளவுக்குக் கிடைக்கவும் இல்லை.

நிறுக்க முடியாத ஒன்றின் எடையை எப்படி அறிவது? அது பரவும் வேகத்தைப் பார்க்கலாம். வாயுக்களில் எடை குறைந்தவை வேகமாகவும் எடை கூடியவை மெதுவாகவும் பரவும். ஹாரியட்டும் ரூதர்ஃபோர்டும் நீண்ட உருளை ஒன்றை நடுவில் ஒரு தகட்டால் இரண்டாகத் தடுத்தார்கள். ஒரு பாதியில் எமனேஷன் கலந்த காற்று, மறு பாதியில் சாதாரணக் காற்று. தகட்டை நீக்கி, குறித்த நேரம் காத்திருந்து, மறுபடி மூடினார்கள். பிறகு ஒவ்வொரு பாதியிலும் கதிரியக்கம் எவ்வளவு என்று எலெக்ட்ரோமீட்டரால் அளந்து, எத்தனை பங்கு மறுபக்கம் போயிருக்கிறது என்று கணக்கிட்டார்கள். காத்திருக்கும் நேரத்திலேயே அந்தப் பொருள் சிதைந்து குறைந்துகொண்டிருக்கும், சுவர்களில் வேறு கதிரியக்கப் படிவு ஒட்டிக்கொள்ளும். இவற்றையெல்லாம் கழித்துத்தான் விடை காண வேண்டும்.

கிடைத்த விடை, அது எடை கூடிய ஒரு வாயு என்பது. மூலக்கூறு எடை 40க்கும் 100க்கும் இடையில் இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். இன்று நமக்குத் தெரிந்த எடை 222. எண் தவறினாலும் முடிவு தவறவில்லை: இது ரேடியத்தின் ஆவியாக இருக்க முடியாது, இது வேறொரு பொருள். ‘ரேடியத்திலிருந்து ஒரு புதிய வாயு’ என்ற பொருள்பட அந்தக் கட்டுரைக்குத் தலைப்பு வைத்து, கனடாவின் ராயல் சொசைட்டி வெளியீட்டில் 1901இல் பதிப்பித்தார்கள்.

ஒரு தனிமத்திலிருந்து வேறொரு பொருள் வருகிறது என்றால், தனிமம் மாறாதது என்ற பழைய வேதியியல் நம்பிக்கை ஆட்டம் காண்கிறது. அந்த வழியில் நடந்துதான் ரூதர்ஃபோர்டும் ஃபிரெடரிக் சாடியும் அடுத்த இரண்டு ஆண்டுகளில், கதிரியக்கத்தின்போது ஒரு தனிமம் இன்னொன்றாக மாறுகிறது என்ற கோட்பாட்டை முன்வைத்தார்கள். ரூதர்ஃபோர்டுக்கு 1908இல் நோபல் பரிசு, சாடிக்கு 1921இல். இந்தக் கதையைச் சொல்லும் பல நூல்களில் 1901ஆம் ஆண்டுக் கட்டுரை ஒரு வரியாகச் சுருங்கும், அந்த வரியிலும் ‘ரூதர்ஃபோர்டும் அவருடைய மாணவியும்’ என்றே இருக்கும்.

காற்றில் தேடியவர்கள்

ரேடியம் ஆய்வகத்தில் மட்டும் இருப்பதில்லை. பாறையிலும் மண்ணிலும் எங்கும் யுரேனியம் சிறிதளவு உண்டு. அது படிப்படியாகச் சிதையும் வரிசையில் ரேடியம் வரும், ரேடியத்திலிருந்து ரேடான் வரும், அது மண்ணின் இடுக்குகள் வழியாக மேலே கசியும். ஜெர்மனியில் பள்ளி ஆசிரியர்களாக இருந்த எல்ஸ்டரும் கைட்டலும் 1901இல், எதிர்மின்னூட்டம் கொடுத்த கம்பியைத் திறந்தவெளியில் பல மணிநேரம் தொங்கவிட்டு, அதன்மேல் கதிரியக்கப் படிவு சேர்வதைக் கண்டார்கள். நாம் சுவாசிக்கும் காற்றிலேயே அது இருக்கிறது என்பது தெரிந்தது.

மான்ட்ரியால் நகரக் காற்றில் ரேடியம் எமனேஷன் எவ்வளவு என்று அளந்தவர் மெக்கில்லின் ஆர்தர் ஸ்டூவர்ட் ஈவ். தேங்காய்ச் சிரட்டைக் கரி அந்த வாயுவைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதன் வழியே காற்றைச் செலுத்தி, பிறகு கரியைச் சூடாக்கி, வாயுவை வெளியேற்றி அளந்தார்கள். இந்த ஈவ் 1905இல் திருமணம் செய்துகொண்டது எலிசபெத் புரூக்ஸை. ஹாரியட்டின் சகோதரி அவர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஹாரியட் இதற்கிடையில் அமெரிக்காவின் பிரின் மார் பெண்கள் கல்லூரிக்குப் போனார். அங்கிருந்து உதவித்தொகையுடன் கேம்பிரிட்ஜில் ஜே. ஜே. தாம்சனின் ஆய்வகம். தன் வேலை மெதுவாகப் போகிறது, தனக்கு ஆய்வு கைவரவில்லை என்று அங்கிருந்து ரூதர்ஃபோர்டுக்கு எழுதினார். திறமை உள்ள எத்தனையோ பெண்களின் கடிதங்களில் இந்தக் குரலைக் கேட்டிருக்கிறோம். 1903இல் மான்ட்ரியால் திரும்பினார்.

திரும்பியவர் செய்த வேலை, ரேடானும் அதன் உறவுப் பொருள்களும் சிதைந்த பிறகு மிஞ்சும் படிவு எந்த வேகத்தில் குறைகிறது என்று அளப்பது. அப்போது ஒரு வினோதத்தைக் கவனித்தார். படிவு பூசிய தகட்டை ஒரு பாத்திரத்தில் வைத்தால், தகட்டைத் தொடாத பாத்திரச் சுவரிலும் கொஞ்சம் கதிரியக்கம் ஏறியது. ரேடியத்திலிருந்து வரும் ஏதோ ஒரு பொருள் எளிதில் ஆவியாகிறது என்று விளக்கி, 1904இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். துப்பாக்கி சுட்டால் தோளில் உதைக்கிறதல்லவா, அதுபோல் துகளை வீசும் அணு பின்னோக்கி உதைக்கப்பட்டுத் தகட்டைவிட்டே எகிறுகிறது என்ற சரியான விளக்கம் பிறகு வந்தது. சில ஆண்டுகள் கழித்து ஆட்டோ ஹானும் லீசே மைட்னரும் அதை விரிவாக ஆராய்ந்தார்கள். முதலில் பார்த்து எழுதியவர் ஹாரியட்.

திருமணமா, வேலையா?

1904இல் நியூயார்க்கின் பர்னார்ட் கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கச் சேர்ந்தார். பெண்களுக்காக நடத்தப்படும் கல்லூரி. 1906இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் இயற்பியலாளர் பெர்கன் டேவிஸுக்கும் அவருக்கும் திருமணம் நிச்சயமானது. செய்தியைக் கல்லூரியின் டீன் லாரா கில்லிடம் சொன்னார். திருமணம் என்றால் பதவி விலகல் என்றே பொருள் என்று பதில் வந்தது.

ஹாரியட் எழுதிய பதில் இன்றும் படிக்கத் தகுந்தது. ஒரு பெண் தன் தொழிலைச் செய்ய உரிமை உள்ளவள், மணம் செய்துகொண்டாள் என்பதற்காக மட்டும் அதைக் கைவிடும்படி அவளைத் தண்டிக்க முடியாது, இதைக் காட்டுவது என் தொழிலுக்கும் என் பாலினத்துக்கும் நான் செய்ய வேண்டிய கடமை என்பது அதன் சாரம். பெண்களைத் தொழில்களில் நுழையச் சொல்லித் தூண்டும் ஒரு பெண்கள் கல்லூரியே இந்தக் கொள்கையை எப்படி மறுக்க முடியும் என்றும் கேட்டார். இயற்பியல் துறையின் தலைவர் மார்கரெட் மால்ட்பி ஹாரியட்டுக்காக வாதாடினார். டீன் அசையவில்லை. கல்லூரி வேலையை இரண்டாம் இடத்தில் வைக்கும் ஆசிரியை தேவையில்லை, குடும்பத்தில் பெண்ணுக்குள்ள கண்ணியத்தையும் பார்க்க வேண்டும் என்பது கல்லூரியின் வாதம்.

இப்போது ஈவின் திருமணத்தை நினைத்துப் பாருங்கள். அவர் 1905இல் மணம் செய்துகொண்டு, மான்ட்ரியால் காற்றைத் தொடர்ந்து அளந்துகொண்டிருந்தார். ரூதர்ஃபோர்டு 1900இல் மணம் செய்துகொண்டு, ஆய்வகத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். அவர்களுடைய மனதில் வேலை இரண்டாம் இடத்துக்குப் போய்விடுமோ என்று எந்தக் கல்லூரியும் கவலைப்படவில்லை. ஒரே துறை, ஒரே ஊர், ஒரே குடும்பம்கூட. திருமணம் ஆணின் ஆய்வுக்கு ஆள்பலம் சேர்த்தது, பெண்ணின் ஆய்வுக்கு முடிவுரை எழுதியது.

ஹாரியட் நிச்சயத்தை முறித்துக்கொண்டார். பர்னார்டிலும் நிலைக்கவில்லை. அந்தக் கோடையில் மாக்சிம் கார்க்கியின் குழுவினருடன் பழக்கமாகி, அவர்களுடன் இத்தாலியின் காப்ரி தீவு வரை பயணம் செய்தார். பிறகு பாரிஸ் போய் மேரி க்யூரியின் ஆய்வகத்தில் சேர்ந்தார். பியர் க்யூரி அந்த ஏப்ரலில்தான் விபத்தில் இறந்திருந்தார். இரண்டு குழந்தைகளுடன் தனித்து நின்ற மேரி, நவம்பரில் சோர்போனில் பாடம் நடத்திய முதல் பெண்ணானார். அவருடைய ஆய்வகத்திலேயே இன்னும் ஓராண்டு தொடர ஹாரியட்டுக்கு வாய்ப்பு இருந்தது. மான்செஸ்டரில் ஓர் ஆய்வு உதவித்தொகைக்கும் முயன்றார். அதற்கான பரிந்துரையில் ரூதர்ஃபோர்டு, கதிரியக்கத் துறையில் மேரி க்யூரிக்கு அடுத்த சிறந்த பெண் இயற்பியலாளர் இவர் என்று எழுதினார்.

அந்த இடத்துக்கு ஹாரியட் போகவில்லை. 1907இல், மெக்கில்லில் முன்பு பணியாற்றிய ஃபிராங்க் பிட்சரை மணந்துகொண்டு மான்ட்ரியால் திரும்பினார். அதன்பின் இயற்பியலில் அவர் பெயர் இல்லை. மூன்று குழந்தைகள் பிறந்தார்கள், அவர்களில் இருவர் பதின்வயதில் இறந்தார்கள். 1933 ஏப்ரல் 17 அன்று, 56ஆம் வயதில் ஹாரியட் காலமானார். ‘நேச்சர்’ இதழில் அஞ்சலிக் குறிப்பு எழுதியவர் ரூதர்ஃபோர்டு. அவரை விட்டுக்கொடுக்காமல் பேசிய ஆசிரியர் என்று ரூதர்ஃபோர்டைச் சொல்லலாம். ஆனால் ஒரு நல்ல ஆசிரியரால் ஒரு மோசமான விதியை மாற்ற முடியவில்லை.

ரேடான் சொல்லும் காற்றின் கதை

ஹாரியட் விட்டுப்போன வாயு பின்னாளில் வளிமண்டல ஆய்வின் முக்கியக் கருவிகளில் ஒன்றானது. அதற்கு மூன்று காரணங்கள்.

முதலாவது, ரேடான் எதனுடனும் எளிதில் வினைபுரியாது. மழை அதைக் கழுவிக்கொண்டு போகாது, இலைகளில் ஒட்டாது. காற்று போகிற இடமெல்லாம் கூடவே போகும். இரண்டாவது, அது நிலத்திலிருந்தே வருகிறது. தோராயமாக ஒரு சதுர சென்டிமீட்டர் நிலத்திலிருந்து நொடிக்கு ஓர் அணு. கடல் பரப்பிலிருந்து வருவது அதில் நூறில் ஒரு பங்கு அளவுதான். மூன்றாவது, அதன் அரை ஆயுள் 3.8 நாட்கள். அதாவது 3.8 நாட்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். மூன்று வாரம் கடல்மேல் பயணம் செய்த காற்றில், புறப்பட்டபோது இருந்த ரேடானில் நாற்பதில் ஒரு பங்குகூட மிஞ்சாது. அதனால் ரேடானின் அளவைப் பார்த்தே இந்தக் காற்று கடைசியாக நிலத்தைத் தொட்டு எவ்வளவு நாளாயிற்று என்று கணிக்கலாம்.

கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் தோரியம் நிறைய உண்டு என்பது நமக்குத் தெரியும். தோரியத்திலிருந்து வரும் ரேடான் வகைக்கு ‘தோரான்’ என்று பெயர். அதன் அரை ஆயுள் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. அதனால் அது தூரப் பயணத்துக்கு உதவாது, பிறந்த இடத்தருகிலேயே சிதைந்துவிடும். காற்றின் நெடும்பயணத்தைச் சொல்ல ரேடியத்தின் ரேடான்தான் வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் கேப் கிரிம் என்ற முனையில் 1976 முதல் ஒரு காற்று ஆய்வு நிலையம் இயங்குகிறது. தென்பெருங்கடலைத் தாண்டி வரும் சுத்தமான காற்றில் கார்பன் டை ஆக்சைடும் பிற வாயுக்களும் எவ்வளவு என்று அங்கே அளக்கிறார்கள். வந்த காற்று உண்மையிலேயே கடல் காற்றா, வழியில் நிலத்தைத் தொட்டதா என்று எப்படி அறிவது? காற்றின் திசையோடு ரேடான் அளவையும் பார்க்கிறார்கள். ரேடான் கூடுதலாக இருந்தால் நிலத்தின் கலப்பு உண்டு என்று பொருள்.

அளக்கும் கருவியின் உள்ளே நடப்பதையும் பாருங்கள். காற்றை முதலில் ஒரு வடிகட்டி வழியே செலுத்தி, ஏற்கெனவே இருக்கும் சிதைவுப் படிவுகளை நீக்கிவிடுகிறார்கள். ரேடான் வாயு மட்டும் உள்ளே நுழைந்து பெரிய தொட்டி ஒன்றில் காத்திருக்கிறது. அங்கே அது சிதைந்து புதிதாகப் பிறக்கும் துகள்களை இரண்டாவது வடிகட்டி பிடித்துக்கொள்ள, அவற்றின் கதிர்வீச்சை எண்ணுகிறார்கள். வாயு எப்படி நகர்கிறது, அதன் படிவு எங்கே ஒட்டுகிறது, எந்த வேகத்தில் குறைகிறது என்ற மூன்றும் தெரியாமல் இந்தக் கருவி இல்லை. 1901க்கும் 1904க்கும் இடையில் ஹாரியட் அளந்துகொண்டிருந்தது இந்த மூன்றையும்தான்.

எண்ணும் அளவோ மிகச் சிறியது. திறந்தவெளியில் ரேடான் பொதுவாகக் கனமீட்டருக்கு 5 முதல் 15 பெக்கரல். 10 பெக்கரல் என்றால் ஒரு கனமீட்டர் காற்றில் நொடிக்குப் பத்து அணுக்கள் சிதைகின்றன. கணக்குப் போட்டால் அந்தக் கனமீட்டரில் இருக்கும் ரேடான் அணுக்கள் மொத்தம் சுமார் 48 லட்சம். கோடானுகோடி மூலக்கூறுகளுக்கு நடுவே அது ஒன்றுமே இல்லை.

யார் மூச்சில் எந்த நேரத்துக் காற்று?

நகரத்தின் காற்றுக்கு வருவோம். பகலில் வெயில் நிலத்தைச் சூடாக்க, காற்று கிளர்ந்து, ஒரு கிலோமீட்டருக்கும் மேலான உயரம்வரை கலக்கிறது. மண்ணிலிருந்து வரும் ரேடான் அந்த உயரம் முழுக்கப் பரவி நீர்த்துப்போகும். காற்று வீசாத, மேகமில்லாத இரவில் நிலம் குளிர்கிறது, அதையொட்டிய காற்றும் குளிர்ந்து தரையோடு படிகிறது. மேலே இருக்கும் வெதுவெதுப்பான காற்று பானைக்கு மூடி போட்டதுபோல் அமர்ந்துவிடும். மார்கழி அதிகாலையில் புகை எழும்பாமல் தெருவோடு படுத்துக்கிடப்பதைப் பார்த்திருப்போம். அந்த மூடிக்குள் ரேடான் மணிக்கு மணி சேர்ந்துகொண்டே போகும். வாகனப் புகையும் அடுப்புப் புகையும் அப்படியே.

இங்கேதான் ரேடான் சாட்சி சொல்கிறது. மண்ணுக்கு வேலைநாள் விடுமுறை நாள் கிடையாது, ஓரிடத்தில் அது ரேடானை ஏறக்குறைய சீராக விட்டுக்கொண்டிருக்கும். மழையில் மண் நனைந்தால் குறையும், மண்ணுக்கு மண் வேறுபடும், அதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஓர் இரவில் நுண்துகள் மூன்று மடங்கு கூடி, ரேடானும் மூன்று மடங்கு கூடியிருந்தால், மூடி இறுகியிருக்கிறது என்று பொருள். ரேடான் அப்படியே இருக்க, துகள் மட்டும் கூடியிருந்தால் யாரோ கூடுதலாகப் புகை விட்டிருக்கிறார்கள். ‘இந்த ஆண்டு மாசு குறைந்துவிட்டது’ என்று ஓர் அரசோ ஆலையோ சொல்லும்போது, குறைந்தது புகையா அல்லது இந்த ஆண்டு காற்று நன்றாக வீசியதா என்று கேட்டுப் பிரித்துப் பார்க்க ஒரு வழி கிடைக்கிறது. வானிலையின் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்கவும் முடியாது, வானிலை தந்த நன்மையைத் தன் சாதனையாகக் காட்டவும் முடியாது.

பெண்களுக்கு இதில் தனியாக என்ன இருக்கிறது என்று கேட்கலாம். மாசு அளவை ஒரு நாளின் சராசரியாகச் சொல்வது வழக்கம். அந்தச் சராசரியில் மூடி இறுகிய அதிகாலை கரைந்துபோகிறது. அந்த நேரத்தில் வெளியே இருப்பவர்கள் யார்? தெருவைப் பெருக்கும் தூய்மைப் பணியாளர்கள், வாசல் தெளிப்பவர்கள், பூவும் காய்கறியும் எடுக்கச் சந்தைக்குப் போகிறவர்கள், விறகடுப்பைப் பற்ற வைப்பவர்கள். வீட்டுக்குள் அடுப்புப் புகையால் 2020இல் உலகெங்கும் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அந்தச் சுமை பெண்கள்மேலும் குழந்தைகள்மேலும் அதிகமாக விழுகிறது என்பதையும் அதுவே சொல்கிறது. ரேடானும் தீங்கில்லாததல்ல. காற்றோட்டமில்லாத வீட்டுக்குள் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும். புகைபிடிக்காதவர்களுக்கு அந்த நோய் வரும் காரணங்களில் அது முதன்மையானது. மணிக்கு மணி அளக்கும்போதுதான் யார் எந்தக் காற்றைச் சுவாசிக்கிறார்கள் என்பது தெரியவரும்.

ஹாரியட்டின் வாழ்க்கையைத் தேடித் தொகுத்து மாரலீன், ஜெஃப்ரி ரேனர்-கேனம் இணையர் எழுதிய நூல் 1992இல் வந்தது. 2002இல் கனடாவின் அறிவியல், பொறியியல் புகழ்க் கூடத்தில் அவர் பெயர் சேர்ந்தது. அவர் இறந்து கிட்டத்தட்ட எழுபது ஆண்டுகள் கழிந்திருந்தன. 1898இல் ரூதர்ஃபோர்டிடம் சேர்ந்ததிலிருந்து 1907இல் விலகியது வரை அவர் ஆய்வில் இருந்தது மொத்தம் ஒன்பது ஆண்டுகள். அதிலும் நடுவில் நான்கு ஊர்கள், மூன்று கல்லூரிகள், ஒரு பதவி விலகல்.

இன்று பல கல்லூரிகளில் திருமணத்துக்காகப் பதவி விலகச் சொல்லும் விதி ஏட்டில் இல்லை. ஆனால் முனைவர் பட்டத்துக்கு நடுவில் கல்யாணம், கல்யாணத்துக்குப் பின் வேறு ஊர், குழந்தைக்குப் பின் ‘கொஞ்ச நாள் கழித்துப் பார்க்கலாம்’ என்று ஆய்வகத்தைவிட்டுப் போகும் பெண்களை இதைப் படிக்கும் மாணவிகள் அறிவார்கள். லாரா கில்லின் கடிதம் இப்போது வீட்டுக்குள்ளிருந்தே வருகிறது. அதற்கு ஹாரியட் எழுதிய பதில் 1906லேயே இருக்கிறது. பாடப் புத்தகத்தில் ரேடான் வரும் பக்கத்தில், அந்த 1901ஆம் ஆண்டுக் கட்டுரையின் இரண்டாவது பெயரையும் எழுதி வையுங்கள்.